கூட்டு முயற்சியும் பதிப்புக் கட்டுப்பாடும்

ஒருவர் தனித்துச் செய்யுந் தொழில்கள் சில. பலர் கூடிச் செய்யுந் தொழில்கள் பல. தனித்துச் செய்பவர் தாம் செய்தவற்றைத் தம் நெஞ்சிலே குறித்துவைத்தலும் போதும். பலர் கூடிய இடத்து அஃது அமையாது. இன்னது செய்தேன், இன்ன காரணம் பற்றிச் செய்தேன் என ஒவ்வொருவரும் ஏனையோர்க்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாதவழி, ஒருவர் கட்டியதை மற்றவர் அறியாமலே இடிப்பர். இக்காலத்து மென்பொருளாக்கம் பெரும்பாலும் பலர் கூடிச் செய்யுந் தொழிலேயாம். அத்தொழிலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் முறையாகப் பதிந்து பேணுதற்கு அமைந்த கருவி பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை எனப்படும்.

இத்தகைய முறைமைகள் பல உள. அவற்றுள் தமக்கேற்ற ஒன்றைக் குழுவினர் தெரிந்தெடுக்குமாறு எங்ஙனம் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். நம் பழைய மாணவருள் மென்பொருட்டுறையிலே கடமையாற்றுவோர்க்கு இதிற் சொல்லப்படுவன சில முன்னரே தெரிந்தனவாதல் கூடும். எனினும், உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்க்கும், அவர்க்குத் துணைநிற்கும் ஆசிரியர்க்கும் பயன்படும் எனக் கருதி இஃது எழுதப்படுகின்றது. தமிழாசிரியருக்கு இவ்விடயத்தில் யாது தொடர்பு என வினவுவார்க்கு விடை அடுத்து வருகின்றது.

பாடபேதமும் மாற்றப் பதிவும்

அச்சுப் பரவுமுன் தமிழ் நூல்கள் ஏட்டில் எழுதப்பட்டு, ஏடு பழுதுற்றபோது மறுபடியும் பெயர்த்தெழுதப்பட்டு வந்தன. பெயர்த்தெழுதினோர் சிலவிடத்துப் பிழைபட எழுதினர். சிலவிடத்துத் தமக்குத் தோன்றியவாறு திருத்தினர். எவர் திருத்தினார், எப்போது திருத்தினார், ஏன் திருத்தினார் என்னும் மூன்றும் பெரும்பாலான ஏடுகளிலே காணப்படுவதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோதும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோதும், பல ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, வேறுபட்ட பாடங்களுள் ஏற்கத்தக்கது எது எனத் துணிய வேண்டியவராயினர். அம்மூன்று வினாக்களுக்கும் விடை ஏட்டிலேயே பதியப்பட்டிருப்பின் அவர்தம் உழைப்பு எவ்வளவோ குறைந்திருக்கும்.

மென்பொருளும் எழுத்தாலாயதொன்றே. அதன் மூலநிரல் பல கோப்புகளிலே வரிவரியாக எழுதப்படுவது. பலராலும் நாடோறும் திருத்தப்படுவது. முறைமை ஒன்று இல்லாதவழி நிகழ்வது யாது? மூன்று மாணவர் கூடி ஒரு செயற்றிட்டம் ஆக்குவர். கோப்புகள் ஒரு பென்டிரைவிலே கைமாறும். சில நாளில் ‘திட்டம்’, ‘திட்டம் புதியது’, ‘திட்டம் இறுதி’, ‘திட்டம் உண்மையான இறுதி’ என நான்கு கோப்புறைகள் தோன்றும். அவற்றுள் எதில் எவருடைய திருத்தம் உளது என்பது ஒருவர்க்குந் தெரியாது. ஏட்டிலே நேர்ந்த பாடபேதம் இங்கே நான்கு நாளில் நேர்ந்துவிட்டது!

பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை இக்குறையைத் தீர்க்கின்றது. கோப்புகளும் அவற்றின் வரலாறும் வைக்கப்படும் இடம் களஞ்சியம் எனப்படும். ஒருவர் தம் திருத்தத்தை அதிற் சேர்ப்பது பதிவு எனப்படும். மாணவர் வழக்கில் ‘கொமிற்’ என்பதும் இதுவே. ஒவ்வொரு பதிவுடனும் செய்தவர் பெயரும், நாளும், காரணங் கூறுஞ் சிறு குறிப்பும் சேர்ந்து நிற்கும். மூலத்தினின்றும் பிரிந்து தனியே வளரும் வழி கிளை. பிரிந்தவற்றை ஒன்றாக்குதல் இணைத்தல். இணைக்குமிடத்து ஒன்றோடொன்று பொருந்தாது நிற்பது முரண். இவ்வைந்து சொற்களையும் அறிந்தோர் இனி வருவனவற்றை எளிதின் உணர்வர்.

மூவகை முறைமைகள்

இம்முறைமைகளை அவை தோன்றிய வரிசையிலே மூவகையாகப் பகுக்கலாம். 

முதலாவது, பூட்டும் முறை. 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே மார்க் ரொச்கைண்ட் என்பார் எஸ்.சி.சி.எஸ். என்னும் முறைமையை ஆக்கினார். 1982இல் பேர்டியூ பல்கலைக்கழகத்திலே ஆர்.சி.எஸ். என்பது தோன்றிற்று. இவற்றிலே ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுப்பாராயின் அது பூட்டப்படும். அவர் மீள வைக்கும்வரை ஏனையோர் அதனைத் திருத்தார். நூலகத்திலே இரவல் எடுத்த நூல் போல்வது இது. முரண் எழுதற்கு இடமில்லை என்பது இதன் நன்மை. எடுத்தவர் விடுமுறையிற் சென்றுவிடின் ஏனையோர் கைகட்டி நிற்க வேண்டும் என்பது இதன் தீமை.

இரண்டாவது, நடுக்களஞ்சிய முறை. ஆம்ஸ்ரடாம் நகரின் விறிஜே பல்கலைக்கழகத்திலே டிக் குரூனே என்பார் தம் மாணவர் இருவருடன் கூடி மொழிமாற்றி நிரலொன்றை ஆக்கினார். மாணவருள் ஒருவர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை ஒழுங்காக உழைப்பவர். மற்றவர்க்குக் கால ஒழுங்கு கிடையாது. ஆசிரியருக்கோ மாலைப் பொழுதே ஓய்வு. பூட்டும் முறை இம்மூவர்க்கும் ஒவ்வாதாயிற்று. ஆகவே, ஒவ்வொருவரும் தத்தம் படியிலே விரும்பியபோது திருத்தி, பின்னர் ஒன்றாக இணைக்கும் முறையை அவர் வகுத்து, 1986இல் வெளியிட்டார். சி.வி.எஸ். என வழங்கும் அது பின்னர் உலகெங்கும் பரவிற்று. ஒரு முறைமை தோன்றுதற்கு மூவருடைய நேரசூசி காரணமாயிற்று என்பது நினைவிற் கொள்ளற்பாலது. அதன் குறைகள் சிலவற்றை நீக்கி ஆக்கப்பட்ட சப்வேர்சன் என்னும் முறைமையின் முதற் பதிப்பு 2004இல் வெளிவந்தது. ஒருவர் பல கோப்புகளிற் செய்த திருத்தம் முழுவதும் ஒரே பதிவாக நிற்கும். இல்லையேல் முழுவதும் நில்லாது. பாதி ஏறிப் பாதி நிற்கும் அவலம் அதனால் நீங்கிற்று.

மூன்றாவது, பகிர்ந்த களஞ்சிய முறை. இதிலே நடுவிடம் ஒன்றில் மட்டும் வரலாறு வைக்கப்படுவதில்லை. குழுவினர் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். இணையத் தொடர்பு அற்றபோதும் பதியலாம், பழையதை நோக்கலாம், கிளை பிரிக்கலாம். தொடர்பு கிடைத்தபோது தம்முள் மாற்றிக்கொள்ளலாம். 2005இல் தோன்றிய கிற், மேர்க்கியூரியல் என்னும் இரண்டும் இவ்வகையின. ஒரே இடத்திலே ஒரே படியாக வைக்கப்பட்டது அழியுமாயின் மீட்க வழியில்லை என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டிலே நம் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுட் பலவற்றைப் பிறவிடங்களிலிருந்து மீளப் பெறலாயிற்று. வேறு படி இல்லாத ஏட்டுச் சுவடிகள் போயின போயினவே. படிகள் பலவிடத்தும் இருத்தலே காப்பு என்னும் உண்மை பகிர்ந்த முறையின் அடிப்படையாகும்.

இணைத்தலின் இயல்பு

பின்னைய இருவகையிலும் இணைத்தலே தலையாய வினை. ஆதலின் அஃது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அறிதல் நன்று. முறைமை மூன்றனை ஒப்புநோக்கும்: இருவரும் பிரிந்த இடத்திலிருந்த பொது மூலம் ஒன்று, முதல்வர் திருத்திய படி ஒன்று, இரண்டாமவர் திருத்திய படி ஒன்று. ஒரு வரியை ஒருவரே மாற்றியிருப்பின் அம்மாற்றம் ஏற்கப்படும். இருவரும் அவ்வரியை வெவ்வேறாக மாற்றியிருப்பின் முறைமை தானாகத் துணியாது. முரண் எனக் காட்டி நிற்கும். துணிதல் மனிதர் கடன்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். முரண் காட்டப்படாமை ஒன்றே இணைப்புச் சரியென்பதற்குச் சான்றாகாது. ‘கண்ணன் சந்தைக்குச் சென்றான்’ எனத் தொடங்கும் நீண்ட கதையொன்றை இரு மாணவர் திருத்துகின்றனர் எனக் கொள்க. ஒருவர் கண்ணனை வள்ளியாக்கி, தம் படியிலுள்ள வினைமுற்றுக்களை எல்லாம் ‘சென்றாள்’, ‘வாங்கினாள்’ என மாற்றுகின்றார். மற்றவர் அதே வேளையில், அவர் தொடாத வரிகளுக்கிடையே, ‘வழியிலே நண்பனைக் கண்டு நின்றான்’ எனப் புதிய வரியொன்றைச் சேர்க்கின்றார். இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை. ஆகவே முரண் தோன்றாது. ஆயினும் இணைந்த கதையிலே வள்ளி ‘நின்றான்’ என வரும். திணையும் பாலும் முறைமைக்குத் தெரியா. மென்பொருளிலும் இவ்வாறே: ஒருவர் ஒரு சார்பின் பெயரை மாற்ற, மற்றவர் பழைய பெயராலேயே அதனைப் புதியதோரிடத்தில் அழைப்பின், இணைப்பு அமைதியாக நிகழும், நிரலோ இயங்காது. ஆதலின் எம்முறைமையைத் தெரிந்தாலும், இணைத்தபின் சோதித்தல் என்னும் ஒழுக்கத்தைக் குழுவினர் விட்டுவிடலாகாது.

லினக்ஸ் குழுவினரின் அனுபவம்

இனி, தெரிவு என்பது எத்துணைப் பொறுப்புள்ள செயல் என்பதற்கு இரு சான்றுகள் காட்டுவாம். 

லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். பல நாட்டு நிரலாளரும் அதற்குத் திருத்தங்களை மின்னஞ்சல் வழியே அனுப்பினர். அவர் அவற்றை ஒவ்வொன்றாக நோக்கிச் சேர்த்து வந்தார். குழு பெருகியபோது அனுப்பிய திருத்தங்கள் சில தவறிப்போவதாக முறைப்பாடுகள் எழுந்தன. ஒருவர் கண்ணும் கையும் எத்துணைக்குப் போதும்? ஆகவே 2002இல் பிற்கீப்பர் என்னும் முறைமையை அவர் ஏற்றார். அது பகிர்ந்த முறையைச் சார்ந்தது, அக்காலத்துச் சிறந்தவற்றுள் ஒன்று, வேலையும் விரைந்தது.

ஆயின் பிற்கீப்பர் ஒரு நிறுவனத்தின் உடைமை. கட்டணமின்றி அதனைப் பயன்படுத்த லினக்ஸ் நிரலாளர்க்கு உரிமை வழங்கப்பட்டதாயினும், அவ்வுரிமை நிபந்தனைகளோடு வந்தது. அதனைப் பயன்படுத்துவோர் போட்டியான வேறொரு முறைமையை ஆக்குவதில் ஈடுபடலாகாது என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. கருவி நன்று என்றோரும், யாவர்க்கும் பொதுவாகிய மென்பொருளை ஒருவர்க்கே உரிய கருவியாற் பேணலாகாது என்றோரும் எனக் குழுவினர் இருபாற்பட்டனர். மூன்றாண்டின் பின்னர், பிற்கீப்பர்க் களஞ்சியத்தோடு தொடர்புகொள்ளவல்ல வேறொரு கருவியை ஒருவர் ஆக்க முற்பட்டது பற்றிப் பிணக்கு மூண்டது. 2005 ஏப்பிரலிலே இலவச உரிமை நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது.

அப்போதிருந்த பிற முறைமைகளை நோக்கிய ரோவால்ட்ஸ், அவை தம் குழுவின் அளவுக்குப் போதா எனக் கண்டார். ஆகவே தாமே ஒன்றை ஆக்கத் தொடங்கினார். பகிர்ந்ததாயிருத்தல், விரைவு, பதிந்தது பழுதுறாமை என்பன அவர் கொண்ட அளவுகோல்கள். ஏப்பிரல் 3ஆம் நாள் தொடங்கிய வேலை 7ஆம் நாளிலே தன் மூலநிரலைத் தானே பேணும் நிலையை எய்திற்று. அதுவே கிற். யூன் மாதத்திலே லினக்ஸின் 2.6.12ஆம் பதிப்பு அதன் துணையால் வெளிவந்தது. யூலையிலே அதனைப் பேணும் பொறுப்பை யூனியோ ஹமானோ என்பாரிடம் அவர் ஒப்படைத்தார். கிற் முறைமையிலே ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்றும் கணிக்கப்பட்ட 40 எழுத்து நீளமான அடையாள எண் உண்டு. முந்திய பதிவின் எண்ணும் அக்கணிப்பிலே சேர்வதால், பழைய பதிவொன்றில் ஓரெழுத்து மாறினும் அதன்பின் வந்த எண்கள் யாவும் மாறிவிடும். மறைவாகத் திருத்துதல் இதனால் வெளிப்பட்டுவிடும்.

இவ்வரலாற்றிலே எவர்மீதும் பழி சுமத்த வேண்டுவதில்லை. தம் பொருளுக்கு நிபந்தனை விதித்தல் உடையவர் உரிமை. 2016இல் பிற்கீப்பரும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. நாம் கற்க வேண்டுவது இதுவே: கருவியின் தகுதி வேறு, அது நம் கையில் நிற்கும் உறுதி வேறு. இரண்டையும் வெவ்வேறாக நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

பைதன் குழுவினரின் இரு தெரிவுகள்

பைதன் என்பது நம் மாணவரும் பயிலும் நிரல்மொழி. அதனை ஆக்குங் குழுவினர் முன்னர்ச் சப்வேர்சனைக் கையாண்டனர். பகிர்ந்த முறைக்கு மாற விரும்பியபோது, பசார், கிற், மேர்க்கியூரியல் என்னும் மூன்றனையும் ஆராய்ந்து ஓர் ஆவணம் வகுத்தனர். அவ்வாராய்ச்சியின் முறை போற்றத்தக்கது. எது புகழ் மிக்கது என்று அவர்கள் கேட்கவில்லை. தம் குழுவில் வழக்கமாக நிகழும் வேலைகளைப் பட்டியலிட்டனர்: புதியவர் ஒருவர் சிறு திருத்தம் அனுப்புதல், ஒரு திருத்தத்தைப் பழைய பதிப்பிலுஞ் சேர்த்தல், பலர் கூடிப் புதிய கூறொன்றை ஆக்குதல், புதிய பதிப்பொன்றை வெளியிடுதல் என்பன போல்வன அவை. ஒவ்வொரு வேலையையும் மூன்று முறைமையிலும் செய்து காட்டி ஒப்பிட்டனர்.

2009 மார்ச்சிலே மேர்க்கியூரியல் தெரியப்பட்டது. அக்காலத்தில் விண்டோஸ் இயங்குதளத்திலே கிற் மற்றையவற்றைப் போல் நன்கு இயங்கவில்லை என்பதும், குழுவினருட் பலர் அதனை விரும்பவில்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. களஞ்சியத்தை மாற்றும் வேலை 2011இல் முடிந்தது. ஆனால் அதே குழுவினர் 2017 பெப்ரவரியிலே கிற் முறைமைக்கும், கிற்ஹப் என்னும் இணையத் தளத்துக்கும் மாறினர். அதற்கிடையிலே உலக நிரலாளருட் பெரும்பாலார் கிற் அறிந்தவராயினர். உதவ வருவோர்க்கு வாயிலை எளிதாக்குதலும், வந்த திருத்தங்களை ஆராய்ந்து ஏற்கும் வேலையை இலகுவாக்குதலும் முதன்மை பெற்றன.

முதற் றெரிவு தவறோ எனின், அன்று. 2009இன் நிலைக்கு அது தக்கது. 2017இன் நிலைக்கு இது தக்கது. இருமுறை இடம் பெயர்ந்தபோதும் அவர்கள் இழக்காதது ஒன்று உண்டு. பைதன் களஞ்சியத்தை இன்று திறந்து நோக்குவார், 1990 ஓகத்து மாதத்து முதற் பதிவினையும் அங்கே காணலாம். ஜி.சி.சி. என்னும் மொழிமாற்றியின் குழுவினரும் 2005இல் சி.வி.எஸ். விட்டுச் சப்வேர்சனுக்கும், 2020இல் அதனை விட்டுக் கிற்றுக்கும் மாறினர். அவர்தம் பழைய வரலாறும் உடன் சென்றது. எனவே, கருவி மாறுவது இயல்பு. வரலாறு அறுபடாதிருத்தலே வேண்டுவது.

கருவியும் இருப்பிடமும்

மாணவருட் பலர் கிற், கிற்ஹப் என்னும் இரண்டனையும் ஒன்றெனக் கொள்கின்றனர். அது பொருந்தாது. கிற் என்பது கருவி; நம் கணினியிலேயே இயங்குவது. கிற்ஹப் என்பது கிற் களஞ்சியங்களை வைத்துப் பகிர்தற்குரிய இருப்பிடம். 2008இல் தொடங்கப்பட்டு, 2018 முதல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. கிற்லாப் முதலிய வேறு இருப்பிடங்களும் உள. வேண்டுவோர் தம் சொந்தச் சேவையகத்திலும் வைக்கலாம்.

இவ்வேறுபாடு ஏன் வேண்டப்படுகின்றது? இருப்பிடங்கள் நிலையானவையல்ல. கூகிள் நிறுவனம் நடத்திய கூகிள் கோட் என்னும் இருப்பிடம் 2016 சனவரியிலே மூடப்பட்டது. அங்கிருந்த குழுக்கள் வேறிடம் நாடின. பகிர்ந்த முறையிலே நிரலின் வரலாறு நம்மிடமும் உளதாதலின் அதனை எளிதிற் கொண்டு செல்லலாம். ஆயின், குழுவினர் தம்முள் நடத்திய வாதங்கள், பிழை முறைப்பாடுகள், திருத்தத்தை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் எழுதிய காரணங்கள் என்பன கிற் களஞ்சியத்துள் இரா. அவை இருப்பிடத்துக்கு உரியன. மூலம் கையிலிருக்க உரையை இழந்தவர் நிலை அப்போது நேரும். எஸ்.கியூ.லைற் என்னும் தரவுத்தள மென்பொருளை ஆக்குஞ் சிறு குழுவினர் இதற்கு வேறொரு வழி கண்டனர். அவர்கள் 2009 முதல் பொசில் என்னும் முறைமையைக் கையாளுகின்றனர். அதிலே நிரலின் வரலாற்றோடு பிழை முறைப்பாடுகளும் விளக்கக் குறிப்புகளும் ஒரே தரவுத்தளக் கோப்பில் அடங்கும். ஊரெல்லாம் ஒரு வழி சென்றபோதும் தம் தேவையறிந்து வேறு வழி சென்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தெரிவுக்குரிய வினாக்கள்

மேற்கூறியவற்றினின்றும் குழுவினர் தம்மைத் தாமே வினவற்பாலனவாகிய ஐந்து வினாக்களைத் தொகுத்துக் கூறுவாம்.

1. நாம் எத்தனை பேர்? எங்கிருந்து, எந்நேரத்தில் உழைக்கின்றோம்? வெவ்வேறு ஊரிலிருந்து, இணையத் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் நிலையில் உழைப்போர்க்குப் பகிர்ந்த முறையே தக்கது. ஒரே பணிமனையிலே எந்நேரமும் தொடர்புடையோர்க்கு நடுக்களஞ்சிய முறையும் போதும்.

2. நாம் பேணுவன எவ்வகைக் கோப்புகள்? வரிகளாலாய மூலநிரலை இணைத்தல் எளிது. ஓவியம், ஒலி, முப்பரிமாண உரு முதலியவற்றை வரிவரியாக இணைத்தல் இயலாது. இருவர் ஒரே ஓவியத்தைத் திருத்தின் ஒருவர் உழைப்பு வீணாகும். ஆதலின் கணினி விளையாட்டு ஆக்குவோர் இக்காலத்தும் பூட்டும் வசதியுள்ள பேர்போஸ் போன்ற முறைமைகளை நாடுகின்றனர். பழைய முறை என்பதனால் மாத்திரம் ஒன்றைத் தள்ளுதல் அறிவுடைமையன்று.

3. களஞ்சியம் எத்துணைப் பெரிது? கூகிள் நிறுவனத்தார் 2015 சனவரியில் ஏறத்தாழ 200 கோடி வரி மூலநிரலை, 86 ரெராபைற்று அளவினதாய், ஒரே களஞ்சியத்திலே பேணினர். அதற்கெனத் தாமே ஒரு முறைமையை ஆக்கிக்கொண்டனர். அவர்க்கு ஏற்றது நமக்கு ஏற்றது என எண்ணலாகாது. யானைக்குரிய சங்கிலி ஆட்டுக்குட்டிக்கு வேண்டுவதில்லை.

4. குழுவினர் எதனை அறிவர்? இனி வருவோர் எதனை அறிந்து வருவர்? கற்கவேண்டிய உழைப்பும் ஒரு செலவே. இன்று பாடநூல்களும் பயிற்சிகளும் தொழில் வாய்ப்புகளும் கிற் முறைமைக்கே மிகுதியாக உள. இது பெரியதோர் அனுகூலம். ஆனால் ஐந்தனுள் ஒன்றே என்பதை மறவற்க.

5. விட்டுப் போகவேண்டி வரின் எதனைக் கொண்டு போகலாம்? உரிமத்தின் நிபந்தனை யாது? இருப்பிடம் மூடப்படின் நம்மிடம் எஞ்சுவது எது? இவ்வினாவை முதல் நாளிலேயே கேட்டல் வேண்டும். பிரியும் நாளிலே கேட்டுப் பயனில்லை.

முதல் நான்கு வினாக்களும் வேலை எளிதாதற்கு உரியன. ஐந்தாவதோ செய்த வேலை நிலைத்தற்கு உரியது. ஆதலின், முன்னைய நான்கிலும் சிறிது தாழ்ந்தாலும், ஐந்தாவதில் உயர்ந்து நிற்பதனைத் தெரிதலே நன்று என்பது எம் துணிபு. இன்னொன்று: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம்மவர் பழமொழி. ஆராய்ச்சிக்கு நாள் குறித்து, அந்நாளிலே துணிந்து, வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

மூவர் அல்லது நால்வர் கூடிச் செயற்றிட்டம் ஆக்கும் மாணவர்க்கு இவ்வினாக்களின்படி கிற் பொருந்தும். அது கட்டணமின்றிக் கிடைப்பது. வீட்டிலே தொடர்பில்லாதபோதும் இயங்குவது. பிற்காலத் தொழிலுக்கும் உதவுவது. ஆயினும் கருவி ஒழுக்கத்தைத் தாராது. பின்வருவன பழக்கமாதல் வேண்டும்.

சிறிய மாற்றமாகச் செய்து அடிக்கடி பதிக. ஒரு வாரத்து வேலையை ஒரே பதிவாக்கின் எது எதனால் வந்தது எனப் பின்னர் அறிதல் அரிது. பதிவுக் குறிப்பிலே ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதாது, யாது திருத்தப்பட்டது, ஏன் திருத்தப்பட்டது என ஒரு வாக்கியமேனும் எழுதுக. தம் கிளையை நெடுநாள் தனியே வளரவிடற்க. பிரிவு நீளுந்தோறும் இணைப்பு இடர்ப்படும். கடவுச்சொல் முதலிய மறைபொருளைக் களஞ்சியத்திற் பதியற்க; பின்னர் அழித்தாலும் வரலாற்றிலே அது நிற்கும். வெளியிட்டுவிட்டதாயின் அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் வேண்டும். முரண் தோன்றியவழி, எதிர்ப்படியை நோக்காது தம்மதையே வைத்துக்கொள்ளற்க. அதனை எழுதிய தோழரைக் கேட்டுத் துணிக. முடிவாக, களஞ்சியத்தின் படி ஒன்றேனும் வேறு கணினியிலே, வேறிடத்திலே இருக்குமாறு பார்த்துக்கொள்க. எல்லாரும் தம் வேலையைத் தம் கணினியிலேயே வைத்து மாற்றிக்கொள்ளாதிருப்பின், பகிர்ந்த முறை என்பது பெயரளவிலேயே நிற்கும்.

கூட்டு முயற்சியிலே ஒருவர் செய்த பிழை வெளிப்படும் என்னும் அச்சம் சிலர்க்கு உண்டு. வரலாறு பேணுவது குற்றங் காண்பதற்கன்று. முன்னிருந்த நிலைக்கு மீளும் வழி உளது என்பதை அறிந்தவரே துணிந்து புதியன முயல்வர். அத்துணிவைத் தருவதே இம்முறைமைகளின் தலையாய பயன். ஏட்டைப் பெயர்த்தெழுதிய முன்னோர் பெயரை நாம் பெரும்பாலும் அறியோம். அவர் எண்ணியதையும் அறியோம். இன்று எழுதுவோர் தம் பெயரையும் காரணத்தையும் தம் எழுத்தோடு விட்டுச் செல்லுதல் எளிதாயிற்று. பின்வருவோர் நம்மை வினவும்போது விடை சொல்ல நாம் அங்கு இருக்கமாட்டோம். நாம் பதிந்த குறிப்பே இருக்கும். அக்குறிப்பு எந்நாளும் அவர் கைக்கு எட்டுமாறு செய்யுங் கருவியைத் தெரிந்தெடுப்போமாக.